கம்பெனிக்கு எதிராக ஒரு பங்குதாரர்

பொம்மனஹள்ளியில் நானும் என் மனைவியும் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறோம். அடுப்படி என் பொறுப்பு, கல்லா அவள் பொறுப்பு. முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது. வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பெரிய கம்பெனியின் ஆப்பில் கடையைச் சேர்த்தபோதுகூட, வந்த ஆளிடம் பேசியது அவள்தான்.

அந்தக் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஆப்பில் போடும் விலையைவிடக் கடையில் குறைத்து விற்கக் கூடாது. அவர்களுடைய கமிஷனுக்காக ஆப்பில் விலையை ஏற்றினோம். பிறகு கடைப் பலகையிலும் அதையே எழுத வேண்டியதாயிற்று. ஆனால் தினமும் வரும் கார்மென்ட்ஸ் ஆட்களிடம் என் மனைவி பழைய விலையைத்தான் வாங்கினாள். எங்கள் தெருவில் மற்றக் கடைக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

ஒரு மதியம் புது ஆள் ஒருவர் சாப்பிட வந்தார். கசங்கிய சட்டை, வாடிய முகம். "அக்கா, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று உரிமையோடு கேட்டார். அது போதும் அவளுக்கு. அவரிடமும் பழைய விலையையே வாங்கினாள்.

"பலகையில வேற போட்டிருக்கே அக்கா?"

"அது ஃபோன்ல வாங்குறவங்களுக்குப்பா. நீ நேர்ல வந்து உக்காந்து சாப்பிடுறே. உன்கிட்ட போய் அதைக் கேப்பனா?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவர் கம்பெனி ஆள் என்பது, நிபந்தனையை மீறிவிட்டோம் என்று அங்கிருந்து ஃபோன் வந்தபோதுதான் தெரிந்தது. அதன் பிறகு ஆப்பில் எங்கள் கடையைக் கண்டுபிடிக்க விரல் வலிக்கத் தள்ள வேண்டியிருந்தது. ஆர்டர் ஏறக்குறைய நின்றே போனது.

இதில் இன்னொரு சிக்கல். அந்தக் கம்பெனியின் பங்குகள் என் பெயரில் இருந்தன. நாங்கள் இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போவதாக ஓனர் சொல்லியிருந்தார். வேறு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்த பணத்தைத்தான் மச்சான் பேச்சைக் கேட்டு அதில் போட்டிருந்தோம். மச்சான் என் மனைவியின் தம்பி, ஐ.டி.யில் வேலை.

"மாமா, கமிஷன் எடுக்குறவன் கம்பெனியில நீங்களும் ஒரு முதலாளி. அவன் எவ்வளவு புடுங்குறானோ அவ்வளவு உங்களுக்கு லாபம்" என்றிருந்தான். புடுங்குவது என்னிடமிருந்தும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. எங்கள் கடை காணாமல்போன மாதம் அந்தப் பங்கு நன்றாக ஏறியது.

பிறகு அரசாங்கம் விசாரணையை ஆரம்பித்தது. பெரிய கம்பெனி தன் பலத்தை வைத்துச் சின்னக் கடைகளைக் கட்டிப்போடுகிறதா என்று பார்க்கும் விசாரணை. செய்தி வந்ததும் பங்கு நாங்கள் வாங்கிய விலைக்கும் கீழே இறங்கியது. எங்கள் ஓட்டல்காரர்கள் சங்கம் அந்த விசாரணைக்காகக் கடைக்காரர்களிடம் வாக்குமூலம் கேட்டது. லைசென்ஸ் என் பெயரில் இருந்ததால் நான்தான் போய்ப் பேச வேண்டும்.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. குழம்பு கொதிக்கும்போதே கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனைப் பார்ப்பேன். பங்கு கொஞ்சம் ஏறினால் விசாரணையை மூடிவிட்டார்களோ என்று பயம். இறங்கினால் அட்வான்ஸ் போச்சே என்று பயம். போட்ட உப்பையே மறுபடி போட்டேன்.

"ஒண்ணு, இப்பவே நஷ்டத்துக்கு வித்துட்டுப் போய்ப் பேசுங்க மாமா. இல்ல, பங்கு ஏறுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றான் மச்சான்.

"இந்த மனுஷன் வாயைத் திறக்கிறதே எப்பவோ ஒருநாள். அதையும் மூடச் சொல்றியாடா?" என்றாள் என் மனைவி. பிறகு என்னிடம், "உங்களுக்கு எது சரின்னு படுதோ பண்ணுங்க" என்றாள். அதற்குப் பதில் அவள் திட்டியே இருக்கலாம்.

பங்கு எதையும் விற்காமலே பிரேசர் டவுனில் சங்கத்தின் வக்கீல் அம்மாவுடைய ஆபீசுக்குப் போனேன். சங்கத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் அம்மா எடுத்த எடுப்பில் கேட்டார்: "உங்களுக்கு அந்தக் கம்பெனியில ஷேர் இருக்கா? எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்."

"இருக்கு மேடம்."

"அடப்பாவி மனுஷா! நீங்க அவங்க ஆளா?" என்றார் தலைவர்.

"இருங்க சார்" என்று அவரை அடக்கிவிட்டு வக்கீல் அம்மா என் பக்கம் திரும்பினார். "பங்குதாரர்களோட நலனைப் பாக்கணும்னு கம்பெனி சொல்லுது. நீங்களே ஒரு பங்குதாரர். சொல்லுங்க, இந்த நிபந்தனையால உங்களுக்கு நல்லதா?"

"பங்கு ஏறின மாசம்தான் மேடம் எங்க கடையில ஆர்டர் நின்னுச்சு. எங்க கடையை அவங்க மறைச்சிட்டாங்க."

"டைப் பண்றவருக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன். அடுத்த அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"உங்களை மாதிரி எல்லாரும் சொன்னா உங்க ஷேர் இன்னும் இறங்கலாம். யோசிச்சிட்டீங்களா?"

"இறங்கும்னு தெரியும் மேடம். எழுதிக்குங்க."

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தேன். பஸ்ஸுக்காக நிற்கப் பொறுமையில்லாமல் நடந்தேன். கட்டடத்தை இடிப்பதற்குள் வேறு இடம் வேண்டும். வழியில் தெரிந்த 'டு லெட்' பலகை ஒவ்வொன்றிலும் நின்று, கடைக்குக் கொடுப்பீர்களா, அட்வான்ஸ் குறைப்பீர்களா என்று முன்பின் தெரியாத ஓனர்களிடம் நானே கேட்டுக்கொண்டு போனேன்.