ஹன்னா அழவில்லை

போன அக்டோபரோடு அசம்ப்டாவின் வீட்டில் சண்டை நின்றுபோனது. மற்ற வீடுகளில் சண்டை நின்றால் நன்றி சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இவளோ சண்டை திரும்பி வர வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். பாதிரியாரிடம் காரணத்தைச் சொன்னபோது அவரே சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டார், பாவம்.

சண்டை வேறெதற்கும் இல்லை, பாட்டுக்குத்தான். கிளேர் மாவட்டக் கடற்கரையில் எங்கள் ஊருக்கும் அக்கம்பக்கத்துக்கும் பச்சை வேனில் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அசம்ப்டா. வேன் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். டிரம்ஸ், கித்தார், கத்தல். பதினாறு வயதில் கொட்டுகிற மழையில் ஒரு ராக் கச்சேரிக்குப் போய், சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தவள். அன்று பிடித்த பைத்தியம் இன்று வரை தெளியவில்லை. வாழ்க்கைப்பட்டதோ மாலக்கிக்கு. படகு இன்ஜின் பழுது பார்க்கிற மாலக்கி, நாட்டுப் பாட்டுக்காரன். கண்ணை மூடிக்கொண்டு, எந்த வாத்தியமும் இல்லாமல், வெறுங்குரலில் பாடுகிறவன்.

"உன் பாட்டு தகரக் கொட்டாய்ல ஆலங்கட்டி மழை பெஞ்ச மாதிரி இருக்கு" என்பான் அவன்.

"உன் பாட்டுல ஒருத்தி செத்து முடிக்கறதுக்குள்ள என் உருளைக்கிழங்கு ஆறிப்போகுது" என்பாள் இவள்.

கல்யாணமான நாளிலிருந்து இதே கச்சேரிதான். குழந்தைகள் இதைக் கேட்டே வளர்ந்து ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேரில் ஒருவரும் விட்டுக்கொடுத்ததில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் அந்த வீடே பாழ் என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

அக்டோபரில் மாலக்கிக்கு மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது. ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது, காலும் கையும் மெல்ல மெல்ல வந்துவிட்டன. பேச்சு மட்டும் வரவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம்: "ஆமா." குளிருதா என்றால் ஆமா. குளிரலையா என்றாலும் ஆமா. எதற்கெடுத்தாலும் ஆமா சொல்கிற புருஷன் கிடைக்க நாங்கள் என்ன தவம் செய்ய வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் கேலி செய்தார்கள். அசம்ப்டாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆமாவை வைத்துக்கொண்டு யாரால் சண்டை போட முடியும்? அதற்கு ஒரு 'இல்லை' வேண்டாமா?

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு வழி சொல்லியிருந்தாள். பேச வராத சிலருக்குப் பாட வரும். பாட்டைப் பிடித்துக்கொண்டால் பேச்சும் பின்னாலேயே வரலாம். "அவரைப் பாட வைங்க. அவ்வளவுதான் என் கையில இருக்கற மருந்து" என்றாள். அசம்ப்டா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். மாலக்கி உதட்டை இறுக மூடிக்கொண்டு கோழிக்கூட்டுப் பக்கம் போய்விடுவான். உடைந்த குரலை யார் காதிலும் போட அவனுக்கு மனமில்லை. பாடகனுக்கு வீம்பு கொஞ்சமா?

இதில் ஊரின் மரியாதை வேறு சேர்ந்துகொண்டது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியானம் டெக்லனின் பப்பில் கூடிப் பாடுவோம். அங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. சொந்தக்காரர் அறையில் இருக்கும்போது அவர் பாட்டை இன்னொருவர் பாடுவது, பக்கத்து இலையில் கைவைப்பது மாதிரி. மாலக்கியின் பாட்டு, ஹன்னா பாட்டு. மூடுபனியில் புருஷனின் படகு திரும்பவில்லை. ஹன்னா என்கிற மீன்காரி தானே படகை எடுத்துக்கொண்டு தேடிப் போகிறாள். அவ்வளவுதான் கதை. அவன் அப்பா பாடியது, அவருக்குப் பிறகு இவனுடையது. அக்டோபருக்குப் பிறகும் ஞாயிறுதோறும் மாலக்கி வந்து ஜன்னலோரம் தன் இடத்தில் உட்கார்ந்தான். அதனால் அந்தப் பாட்டை ஒருவரும் வாயெடுத்துப் பாடவில்லை.

இப்படி இருக்கும்போது வசந்த காலத்தில் அந்த ரெக்கார்டு வந்தது. 'கோல்டு ஹார்பர்' என்றால் ராக் ரசிகர்கள் எழுந்து நிற்பார்கள். உடைந்துபோன ஐந்து பெரிய பேண்டுகளிலிருந்து ஆளுக்கொருவராக வந்து சேர்ந்த ஐந்து பேர். ஐந்து பேரையும் அசம்ப்டாவுக்குத் தனித்தனியாகப் பிடிக்கும். அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டு எது தெரியுமா? ஹன்னா! அட்டையில் எங்கள் ஊர்ப் பெயரையும் போட்டிருந்தார்கள்.

அவள் வேனிலேயே கேட்டாள். டிரம்ஸ் வந்த இடத்தில் உடம்பு புல்லரித்தது. ஆனால் ஒரு வேலை செய்திருந்தார்கள். மாலக்கி பாடுவது இப்படி:

கரையில் நின்று அழவில்லை ஹன்னா,
கையில் துடுப்பை எடுத்தாளே.

அதை இவர்கள் மாற்றியிருந்தார்கள்:

கரையில் நின்று அழுதாள் ஹன்னா,
கடலாய்க் கண்ணீர் விட்டாளே.

மாலக்கி குரலை இறக்கி முடிக்கிற ஒவ்வொரு வரியையும் இவர்கள் மேலே தூக்கி முடித்திருந்தார்கள். கல்யாண வாழ்க்கையிலேயே பெரிய சண்டைக்கான விஷயம் வாசலில் வந்து நிற்கிறது, சண்டை போட ஆள் இல்லை. அன்றைக்கு அவளுக்கு வந்த துக்கம் அக்டோபரில்கூட வந்திருக்காது. வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் பாட்டைப் போட்டாள். மாலக்கி நின்று, தலையைச் சாய்த்து, முழுக்கக் கேட்டான்.

"எப்படி? அசிங்கமா இருக்கா?"

"ஆமா."

"நல்லா இருக்கா?"

"ஆமா." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கோழிகளிடம் போய்விட்டான்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லிமரிக் நகரத்திலிருந்து கோல்டு ஹார்பர் ரசிகர்கள் ஒரு கூட்டமாகக் கறுப்புச் சட்டையில் வந்து இறங்கினார்கள். பாட்டு பிறந்த ஊரைப் பார்க்க வேண்டுமாம். டெக்லன் ஹாம் சாண்ட்விச் போட்டுப் போட்டு அலுத்துப்போனான். அவர்களோ சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டே பாட்டைப் பற்றி வாயால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாட்டையே கெடுத்துட்டாங்கடா! பழைய வரியைப் புஸ்தகத்துல படிச்சிருக்கேன், துடுப்பைத் தூக்கிட்டுப் போறவளை நிக்க வெச்சு அழ வெச்சிருக்கானுங்க" என்றாள் சோர்ச்சா, பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். "துடுப்பைப் புடுங்கிட்டு கைக்குட்டையைக் குடுத்திருக்கானுங்க!"

"அழறதுலதான்டி உயிரே இருக்கு" என்றான் ஃபின்டன். லாரி ஓட்டுகிறவன், ஆள் மலை மாதிரி. "அந்த இடத்துல டிரம்ஸ் நிக்குது பாரு, அங்க நான் ஸ்டியரிங்கை விட்டுட்டேன்."

"நீ ரோட்டுல ஸ்டியரிங்கை விட்டா போலீஸ்தான் அழணும்."

"வரி முடியற இடத்துல குரலைத் தூக்குறான் பாரு. பழைய பாட்டுல அது உண்டா?"

"பழைய பாட்டை நீ எங்க கேட்டே?"

"கேட்டதில்லதான். யாரு பாடுறா இப்ப?"

பப் முழுவதும் ஒரு நொடி ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது. மாலக்கி தன் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அசம்ப்டா.

"பேசி என்ன பிரயோஜனம்? பாடிக் காட்டறேன், நீங்களே சொல்லுங்க" என்று ஃபின்டன் எழுந்தான்.

டெக்லனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பீர் ஊற்றிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, அவனைப் பிடித்து உட்கார வைக்க ஓடி வந்தான். அசம்ப்டா குறுக்கே கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"விடு. பாடட்டும்."

"அசம்ப்டா, அவன் இங்கதான் உக்காந்திருக்கான்."

"உக்காந்திருக்கான்னுதான் விடச் சொல்றேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு கேட்டோம். மாலக்கியின் கழுத்து சிவந்திருந்தது என்றாள். சண்டைக்கு முன்னால் சிவக்கிற சிவப்பு. அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

ஃபின்டன் பாடினான். மேஜையில் டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடினான். குரல் மோசமில்லை, ஆனால் ஊர் முழுவதும் நாற்காலி நுனியில் நெளிந்தது. மூடுபனி வந்தது, படகு வரவில்லை. பிறகு அந்த இடம்: கரையில் நின்று அழுதாள் ஹன்னா—

மாலக்கி உள்ளங்கையால் மேஜையில் ஓங்கி அறைந்தான். கிளாஸ் உருண்டு விழுந்து உடைந்தது. ஃபின்டன் வாயைத் திறந்தபடியே நின்றான்.

மாலக்கியும் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. தாடை மட்டும் ஆடியது. அவன் மறுபடி உதட்டை மூடிக்கொள்ளப் போகிறான் என்று அசம்ப்டாவுக்குத் தெரிந்தது. பாடுகிறவன் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொண்டு, பாட்டுக்கு ஏற்ப மெல்லச் சுற்றிக் கொடுப்பது எங்கள் பழக்கம். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அதைச் செய்ததில்லை. 'நான் என்ன காப்பிக்கொட்டையா அரைக்கறேன்?' என்று கேலி செய்வாள். அன்று அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துச் சுற்றினாள்.

"கரையில்..." என்றான் மாலக்கி. நின்றது. அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"கரையில் நின்று... கரையில் நின்று அழ..."

கண்ணை மூடிக்கொண்டான்.

"கரையில் நின்று அழவில்லை ஹன்னா,
கையில் துடுப்பை எடுத்தாளே.
மூடுபனிக்குள் விளக்கை ஏற்றி
முன்னே முன்னே போனாளே."

குரல் துருப்பிடித்த கீல் மாதிரி கிறீச்சிட்டது. கடைசி அடிகளுக்கு வார்த்தை கிடைக்காமல் வெறும் ராகமாக இழுத்து முடித்தான். பாட்டு முடிந்தால் "நல்லா இருடா!" என்று கத்துவோம். அன்றைக்கு அதைக்கூட மறந்துவிட்டோம். டெக்லன் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குகிற சாக்கில் மேஜைக்கடியில் போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் இருந்தவர்கள் ஃபின்டனிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள் போல. அந்த மலை அப்படியே இடிந்து வந்து அசம்ப்டா முன்னால் நின்றது.

"மன்னிச்சிருங்கம்மா. அவரோட பாட்டுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அசம்ப்டா அவனைக் கட்டிக்கொண்டாள். கை பாதி முதுகுக்குத்தான் எட்டியது. "தெரியாம இருந்ததுக்குத்தான்யா உனக்கு நன்றி. தெரிஞ்ச நாங்க எல்லாம் மரியாதை மரியாதைன்னு இவன் வாயைக் கட்டி வெச்சிருந்தோம். நீ வந்து அவிழ்த்துவிட்ட. நல்லா இரு. உன் லாரி நல்லா இருக்கட்டும். அந்தத் தப்பான பாட்டைப் பாடுன அஞ்சு பேரும் நூறு வயசு இருக்கட்டும்."

"தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களா!" என்று பின்னாலிருந்து சோர்ச்சா கத்தினாள். அதற்குத்தான் பப்புக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை அசம்ப்டா டீயை வைத்துவிட்டு, வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் வந்தது ஒரு நாள் கூத்தாகப் போய்விடுமோ என்று அவன் பக்கம் திரும்பாமலே தேடினாள். எதுவும் கேட்கவும் பயம். மாலக்கி ஒரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான். கண்ணை மூடி, ஹன்னா மெட்டில் இழுத்துப் பாடினான்:

"டீயில் சர்க்கரை போடவில்லை..."

சாவி தேடுவதை விட்டுவிட்டு அசம்ப்டா அவன் பக்கம் திரும்பினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் முப்பது வருஷம் பழகிய காது சும்மா இருக்குமா? வரி முடிகிற இடத்தில் அவன் குரல் இறங்கவில்லை. மேலே ஏறியிருந்தது.

"அடப்பாவி! அது பேண்டுக்காரன் மெட்டு!"

மாலக்கியின் கழுத்து சிவந்தது. வாய் திறந்து, திணறி, மேஜையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னான். பாடவில்லை, சொன்னான்.

"இல்லை."

"ஆமா!"

"இல்லை!"

அன்றைக்கு ஊருக்குத் தபால் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது. அசம்ப்டா சர்க்கரை டப்பாவை எடுத்து, அவன் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுச் சண்டைக்கு உட்கார்ந்தாள்.