திரை தானா அணையாது என்று சொன்னேன்

எனக்கு வாய் ஜாஸ்தி. புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என் வேலைக்காக வருகிறார்கள், மீதிப் பேர் வேறு வழியில்லாமல் வருகிறார்கள். "ஒங்ககிட்ட திட்டு வாங்காம ஒரு மவுஸ்கூட வாங்க முடியாதா?" என்று ஒரு வாத்தியார் முகத்துக்கு நேராகவே கேட்டார். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். அப்பேர்ப்பட்ட வாய், உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு இடத்தில் பொய்யைச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. எழுதவே கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கறம்பக்குடி ரோட்டில் கோழிக்குஞ்சு பொரிக்கிற பண்ணை ஒன்று. ஆறு பெட்டிகள். பெட்டி என்றால் ஆள் உள்ளே நுழைகிற அளவு, சின்ன அறை மாதிரி. ஒவ்வொன்றிலும் தட்டுத் தட்டாக ஆயிரக்கணக்கில் முட்டைகள். இருபத்தோரு நாள் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். உள்ளே ஓடுகிற விசிறி நின்றால் சூடு ஒரே பக்கம் தேங்கி ஏறிவிடும், ஓட்டுக்குள்ளேயே குஞ்சு செத்துப்போகும். ஆறு பெட்டிச் சூட்டையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பார்க்க வசதி வேண்டும் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

பகல் முழுக்கப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது ஒரு அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டுக்காரர் இல்லை. மகள் திருச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை ஒன்றுதான் அந்த வீட்டுக்கு. பெட்டிக் கதவில் உள்ளங்கையை வைத்தே உள்ளே சூடு கூடவா குறையவா என்று சொல்லிவிடுவார். "இனிமே கையை வைக்கிற வேலையெல்லாம் வேண்டாங்க்கா, ஸ்க்ரீனைப் பாத்தாப் போதும்" என்று நான்தான் எகத்தாளமாகச் சொன்னேன். கதவுகளில் தொங்கிய பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர்களையும் கழற்றச் சொன்னேன். அக்கா அவற்றைத் துணியில் சுற்றி எங்கோ வைத்தார்.

பெட்டிச் சூட்டை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கார்டு பழசு. புது சிஸ்டம் எதைப் போட்டாலும் அதற்கு அந்தக் கார்டை அடையாளமே தெரியவில்லை. அதனால் பழைய கெர்னல் ஒன்றை எடுத்து நானே கட்டினேன். கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்கு அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓட்டுகிற நிரல். அதைக் கட்ட உட்கார்ந்தால் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டாமா, இதற்கு எது? ஜன்னல், மவுஸ், படம் ஒன்றும் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் ஓடினால் போதும் என்று முடிவு செய்தேன். அந்த எழுத்துத் திரைக்கே ஏகப்பட்ட கேள்விகள். எந்த எழுத்துருவை உள்ளே சேர்க்க, திரையைத் திருப்பிக் காட்டவா, துவக்கத்தில் அடையாளமாக ஒரு பென்குயின் படம் வரட்டுமா?

இரண்டு நாள் அதிலேயே கிடந்தேன். இருப்பதிலேயே பெரிய எழுத்தைப் பொறுக்கிப் போட்டேன். பென்குயினை எடுத்தேன். ஆனால் மெஷின் ஆரம்பிக்கும்போது வருகிற வரியில் என் கடைப் பெயர் வர வேண்டும் என்று அதையும் கெர்னலுக்குள்ளேயே ஏற்றினேன். யார் கேட்டார்கள்? ஒருத்தரும் கேட்கவில்லை. பந்தா!

ஒன்று மட்டும் விட்டுப்போனது. அந்தப் பழைய கெர்னலுக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்து நிமிஷம் யாரும் கீபோர்டைத் தொடாவிட்டால் எழுத்துத் திரையைத் தானே கறுப்பாக்கிவிடும். மானிட்டர் விளக்கு எரியும், மெஷின் ஓடும், எழுத்து மட்டும் தெரியாது. ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் உடனே வந்துவிடும். இது கட்டும்போது கேட்கிற கேள்விகளில் வராது, மெஷின் ஆரம்பிக்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கிற துவக்க வரியில் நாமே தனியாக எழுதி நிறுத்த வேண்டும். எனக்கு இது தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாகவே தெரியும். கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். சோதித்துப் பார்த்த நாளெல்லாம் தட்டிக்கொண்டே இருந்ததால் திரை ஒரு தடவைகூட அணையவில்லை. என் பெயர் வருகிறதா என்று மட்டும் பத்துத் தடவை பார்த்தேன்.

பண்ணையிலும் அது வெளியே தெரியவில்லை. ஒரு பெட்டி பார்த்து அடுத்த பெட்டிக்குப் போக ஒரு கீயைத் தட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். அக்கா ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து ஆறு தட்டு தட்டிவிட்டுப் போவார். இரவில் பெட்டி பார்க்கிறவர் தூங்கும்போது திரை அணைந்திருக்கலாம், அதை அவர் வந்து சொல்வாரா? எந்தப் பெட்டியில் கோளாறு வந்தாலும் கீயைத் தட்டாமலே அந்தப் பெட்டி சிவப்பு எழுத்தில் திரைக்கு வந்து நிற்கும் என்றும் செய்திருந்தேன். "மணி ஒண்ணு அடிச்சா நல்லாருக்கும்ல தம்பி?" என்று முதலாளி கேட்டார். "கண்ணு இருக்கவனுக்கு எதுக்குங்க மணி?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் அக்கா போன் செய்தார். "சார், எழுத்தெல்லாம் நிக்க மாட்டேங்குது, தானா மாறிக்கிட்டே ஓடுது." கடையில் ஆளை உட்கார வைத்துவிட்டு வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அவர் குறிப்பு எழுதுகிற நோட்டு கீபோர்டு மேல் சாய்ந்து கிடந்தது. அவ்வளவுதான். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "கண்ணு பொடனியிலயா இருக்கு? இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க? இனிமே பண்ண தீப்பிடிச்சா மட்டும் கூப்புடுங்க" என்று வேலைக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் கத்தினேன். அக்கா நோட்டை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க சார்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

ஆயுத பூஜை வந்தது. பண்ணையில் ஸ்பேனர், கத்தி, தராசு, டிராக்டர் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கும்தான். மானிட்டருக்குச் சின்னதாக ஒரு மாலை, கீபோர்டு மேல் மஞ்சள் துணி, அதன்மேல் எலுமிச்சம்பழம். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போட்டு எடுக்கிறவரை யாரும் தொடக்கூடாது. இது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெட்டிகளை நிறுத்த முடியாது, அவை ஓடட்டும். "கம்ப்யூட்டரத் தொட வேண்டாம்மா. கோளாறுன்னா தானா செவப்பு வந்துரும்னு தம்பி சொல்லியிருக்காப்ல, நீ பாத்துக்கிட்டு மட்டும் இரு" என்று சொல்லிவிட்டு முதலாளி சுண்டல் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

பத்து நிமிஷத்தில் திரை கறுத்தது.

அக்கா எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் பிறகு அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "விளக்கு எரியுது, எழுத்து மட்டும் காணோம்" என்று அவர்களிடம் கேட்டிருக்கிறார். "பூஜையில இருக்கு, தொட்றாதீங்கக்கா" என்றார்களாம். "அப்ப கம்ப்யூட்டர் சாருக்குப் போன் போடுங்க" என்று ஒருத்தர் சொல்ல, அக்கா போனைக் கையில் எடுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "வேண்டாம், தீயா பிடிச்சிருச்சு, சார் ஏசுவாரு" என்று இடுப்பில் செருகிக்கொண்டாராம். அந்த நேரம் நான் திருக்கோகர்ணத்தில் வீட்டில் காலை நீட்டிப் பொரிகடலை தின்றுகொண்டிருந்தேன்.

நாலாம் பெட்டியில் விசிறி பெல்ட் அறுந்திருந்தது. சிவப்பு எழுத்து வந்திருக்கும், கறுத்த திரையில் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் கழித்து அக்கா எதற்கோ அந்தக் கதவில் கையை வைத்துப் பார்த்து அலறியிருக்கிறார். அது பதினெட்டாம் நாள் முட்டை. ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே குஞ்சு இறகோடு முழுசாக இருந்ததாம். அசையவில்லை. அந்தப் பெட்டியில் ஒன்றுகூடத் தேறவில்லை.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார். "ஒங்க ஸ்க்ரீன் ஒண்ணும் காட்டலையாம் தம்பி. கருப்பாவே கெடந்துச்சாம். காலைல மொத வேலையா வாங்க." கருப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. காலையில் வண்டியில் போகும்போது, சொல்லிவிடுவோம், என் தப்புத்தான், என்ன தலையையா வாங்கிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், கேட் வரைக்கும் அந்த எண்ணத்தோடுதான் போனேன்.

உள்ளே எல்லோரும் நின்றார்கள். முதலாளி, அவர் தம்பி, வேலைக்காரர்கள். சுவரோரமாக அக்கா, அழுது வீங்கிய முகத்தோடு. திரை இன்னும் கறுப்பாகவே இருந்தது, மறுபூஜை இன்னும் போடவில்லை. "நீங்க தொடுங்க தம்பி, சாமிகிட்டக் கேட்டுக்கிட்டேன்" என்றார் முதலாளி. ஒரு கீயைத் தட்டினால் போதும், எழுத்து வந்து நிற்கும். ஆனால் தட்டினால், இவ்வளவுதானா என்று அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பார்கள். என் விரல் கீபோர்டு பக்கமே போகவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். மேஜைக்கு அடியில் நுழைந்தேன். ஒயரைப் பிடுங்கினேன், ஊதினேன், திருப்பிச் சொருகினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசியில் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். மெஷின் முதலிலிருந்து ஆரம்பித்தது. என் கடைப் பெயர் பெரிய எழுத்தில் வந்து போனது.

"அது தானா அணையுமா தம்பி?" என்று முதலாளி கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அதெல்லாம் தானா அணையாதுங்க. யாரு கையாவது பட்டிருக்கும்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். "நான் எதையும் தொடல சார்" என்றார். அப்புறம் யோசித்து, பொய் சொல்லத் தெரியாத மனுஷி, "மாலை போட்டேன். மாலை மட்டுந்தான் சார் போட்டேன்" என்றார்.

"அதான்" என்றேன் நான்.

அந்த ஒரு சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. முதலாளி ஒன்றும் கத்தவில்லை. "சொல்லியிருக்கலாம்ல தாயி, பட்டுருச்சுன்னு?" என்று மட்டும் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். படித்தவன் சொல்கிறான், அப்படித்தான் இருக்கும்போல என்று நம்ப ஆரம்பித்த பார்வை அது. சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த மாசத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம், சும்மா ஒரு எட்டு பார்க்கிறேன் என்று போய், துவக்க வரியில் விட்டுப்போனதை எழுதிச் சேர்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முதலாளி டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்தேன், வெட்கம் கெட்டவன்.

வருஷம் ஒன்றுக்கு மேல் போன பிறகு கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். பார்த்ததும் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து ஒளியத்தான் தோன்றியது. அவர்தான் "சார்!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் வேலையாம். கொட்டை ஓட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தது. மகள் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுத் திருப்பூர் போய்விட்டாளாம். அதையும் குறை மாதிரிச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். சொல்லிவிடு, இப்பவாவது சொல்லித் தொலை என்று உள்ளே ஒருத்தன் கத்தினான்.

"சார், ஒங்களப் பாத்தா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன்" என்றார் அக்கா. "அன்னிக்கு என் கை எங்கிட்டு சார் பட்டுச்சு? நானும் எத்தனையோ தடவ யோசிச்சுப் பாக்குறேன், பட்ட மாதிரியே ஞாபகம் இல்ல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எந்த எடம்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டா மனசு ஆறிரும்."

வாயைத் திறந்தேன்.

"பின்பக்கம் ஒரு பட்டன் இருக்குக்கா" என்றேன். அப்படி ஒரு பட்டன் அந்த மானிட்டரில் கிடையாது. "மாலை போடயில பட்ருக்கும்."

"அப்படியா?" அக்கா பெருமூச்சு விட்டார். முகமே தெளிந்துவிட்டது. "அப்ப எந் தப்புதான். ஒங்களையும் நல்ல நாளும் அதுவுமா அலைய வச்சுட்டேன்."

"தெரியாமத்தானே செஞ்சீங்க, விடுங்கக்கா" என்று நான் அவரை மன்னித்தேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.