ஒன்பது தரிப்பிடங்கள்

எம்மன்புரூக்கேயிலிருந்து லுசேர்ணுக்குப் போகும் பஸ் எத்தனை தரிப்பிடங்களில் நிற்காமல் போகிறது என்று ஒவ்வொரு முறையும் எண்ணுவேன். நாங்கள் வந்து குடியேறிய இந்த வெளிநாட்டில் பொத்தானை யாரும் அமுக்காவிட்டால், ஏறவும் ஆளில்லாவிட்டால், சாரதி நிறுத்துவதில்லை. அப்படி ஒன்றைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். பக்கத்தில் இருக்கும் தங்கச்சி, "அண்ணை, பஸ் ஓட்டுறது அவன்ரை வேலை. நீங்கள் சும்மா இருங்கோவன்" என்பாள். இந்த வியாதி எனக்கு அவள் பிறந்த நாளில்தான் தொற்றியது.

அப்பாவின் தகப்பனார், என் அப்பப்பா, பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதர். அந்த நூற்றாண்டு முடியச் சில வருடங்கள் இருக்கையில், எங்கள் ஊரிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குக் குதிரை வண்டி விட்டவர். வண்டி ஓட ஓட வயலும் தென்னங்காணியும் சேர்ந்தன. பிற்காலத்தில் அப்பாதான் அதில் கொண்டக்டர். தரிப்பிடம் வந்ததும் குதித்து இறங்கி, இடத்தின் பெயரைக் கூவி, ஆட்களை ஏற்றியபின் பின்பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் குதிரை நகரும். அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

அந்த அப்பா ஒருநாள் அம்மாவின் சீதனக் காணியை ஈடுவைத்து ஒரு பஸ் வாங்கி, அதே தெருவில் விட்டார். ஒரு வருடத்துக்குள் குதிரை வண்டி கொட்டிலுக்குள் போயிற்று. இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் வேலி, வேலியில் ஒரு சின்னப் பொட்டு. அதற்குள் நுழைந்து செய்தி கொண்டு திரிந்தவன் நான்.

"உன்ரை கொப்பரிட்டைச் சொல்லு, அவற்றை தகரப்பெட்டிப் புகையாலை என்ரை மாடு இருமுதெண்டு."

"அது அவற்றை சுருட்டுப் புகையெண்டு போய்ச் சொல்லு."

பிறகு உலக யுத்தம் வந்தது. பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ் பின்வளவில் நின்று கோழிகள் அடையும் கூடாயிற்று. அப்பப்பா அதைப் பார்த்துச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த நாட்களில் ஒரு காலை அம்மாவுக்கு வலி கண்டது. மருத்துவிச்சி வெளியே வந்து, "பிள்ளை குறுக்கை கிடக்குது. என்னாலை ஏலாது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ" என்றாள். அப்பா பஸ்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பொட்டுக்குள் தலையை நுழைத்தபோது, அங்கே அப்பப்பா ஏற்கெனவே குதிரையை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தார். யாரும் போய்ச் சொல்லவில்லை.

அம்மாவும் மருத்துவிச்சியும் உள்ளே. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நான் முன்னால், அப்பப்பாவின் பக்கத்தில். அப்பா பின்படியில். முதல் தரிப்பிடமான ஆலடியில் குதிரை நின்றுவிட்டது. ஆறு வருடம் கொட்டிலில் கிடந்தும் அது ஒன்றையும் மறக்கவில்லை. அப்பப்பா நாக்கைச் சொடுக்கினார், வாரை உதறினார், கடைசியில் சவுக்கையும் எடுத்தார். அது காதைப் பின்னால் திருப்பிக் காத்து நின்றது. உள்ளே அம்மா அலறினாள்.

அப்பா குதித்தார். வெறும் தெருவைப் பார்த்து, "ஆலடி! ஆலடி இறங்கிறாக்கள் இறங்குங்கோ!" என்று கூவினார். பலகையில் இரண்டு தட்டு. "போகலாம், ஐயா!"

குதிரை பாய்ந்தது.

ஒன்பது தரிப்பிடங்கள். ஒன்பதிலும் அதே கூத்து. மடத்தடியில் ஒரு கிழவர், "எட தம்பி, திரும்பவும் வண்டி விட்டாச்சோ?" என்று ஏறவே கால் வைத்துவிட்டார். அப்பா அவரைத் தூக்கி இறக்கிவிட்டுத் தட்டினார். அப்பப்பா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

தங்கச்சி பிறந்தாள். அம்மாவும் பிழைத்தாள். தன்னால் முடியாது என்று நேரத்துக்குச் சொன்ன அந்த மருத்துவிச்சிக்கும், முகம் மறந்துபோன டாக்டருக்கும், அந்தக் குதிரைக்கும் நான் இன்றும் நன்றி சொல்கிறேன், லுசேர்ண் பஸ்ஸில் தங்கச்சி பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்து, பாதியை என் கையில் வைக்கும்போது.

அம்மாவையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மத்தியானம் நாங்கள் மூவரும் திரும்பினோம். எனக்குப் பசி. குதிரைக்கும் பசி போலும், முதல் தரிப்பிடத்தைப் பாராமலே ஓடப் பார்த்தது. அப்பப்பாவின் கை வாரை இழுத்தது. குதிரை நின்றது. அப்பா குதித்தார், கூவினார், தட்டினார்.

"போகலாம், ஐயா."

"ஓம் தம்பி, போவம்" என்றார் அப்பப்பா.

அடுத்ததிலும் அப்படியே. "அப்பப்பா, குதிரை ஓடத்தானே பாக்குது. நீங்கள் ஏன் இழுக்கிறியள்?" என்றேன்.

"நானோ? அது நிக்குது மோனை, நான் என்ன செய்ய?"

நான் பின்னால் திரும்பி, "அப்பா, அப்பப்பாதான் இழுக்கிறார்!" என்று கத்தினேன்.

"பேசாமல் இரடா. குதிரைக்குத் தெரியும்."

ஒன்பதிலும் நின்றோம். இன்னும் நாலு, இன்னும் மூன்று என்று விரல் மடித்து எண்ணியபடி, வெறும் தெருவில் நின்று ஆளில்லாத வண்டிக்கு ஆள் கூப்பிடும் இந்த இரண்டு பெரியவர்களுக்கும் ஏன் வீடு போய்ச் சேர மனமில்லை என்று விளங்காமல், நான் பசியில் அழுதுகொண்டே வந்தேன்.