அறிவரசன் தோளில் கொளஞ்சியம்மாள்

வரதராஜன்பேட்டைப் பக்கத்து மாயவன் வம்சமே அகத்திக்குச்சி வம்சம். மாயவனின் அப்பா ஆடிக் காற்றில் வெளியே கிளம்பினால் மடியில் ஒரு படிக்கல்லைக் கட்டிக்கொண்டு போவார் என்று சம்பந்திகள் கேலி பேசுவார்கள். அந்த மாயவனின் மகன் அறிவரசன் தீயணைப்புத் துறையில் சேர்ந்தான் என்றதும் ஊரே சிரித்தது.

"ஏண்டி ரெங்கம்மா, ஒம்மவன் தண்ணிக் குழாயப் புடிப்பானா, குழாய் அவனப் புடிச்சுக்குமா?" என்று அவன் அம்மாவைக் குழாயடியில் நிறுத்திக் கேட்டார்கள்.

"புடிச்சுக்கிட்டா ஒனக்கென்ன? சம்பளம் ரெண்டு பேருக்குமா வருது?" என்று ரெங்கம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போவாள்.

பெரம்பலூர் நிலையத்தில் அவனுக்கு வேலை. நிலைய அலுவலர் இராமலிங்கம் காலையில் விசில் ஊதினால் சாயங்காலம் வரை விடமாட்டார். கயிற்றில் ஏறு, கிணற்றில் இறங்கு, மணல் மூட்டையைத் தோளில் போட்டு ஏணியில் இறங்கு. ஆளைக் குறுக்கே தோளில் போட்டு, அவன் காலையும் கையையும் ஒரு கையாலேயே வளைத்துப் பிடித்து, மறு கையை ஏணிக்கு விடுகிற வித்தைக்கு அங்கே 'பயர்மேன் லிஃப்ட்' என்று பெயர். அதில் இராமலிங்கம் சாருக்கு இரண்டு சட்டம். தூக்குகிறவன் வாயை மூடக் கூடாது. மயங்கிக் கிடக்கிறவன் காதில் விழும்படி பேசிக்கொண்டே இறங்க வேண்டும். ஆனால் கனம் தாங்காமல் கத்தக் கூடாது.

"ஆம்பளன்னா 'பயப்படாதீங்கய்யா', பொம்பளன்னா 'அம்மா, பயப்படாதீங்க.' இத மறந்தவன் ஏணியில கால் வைக்காத. அப்பறம், தூக்குறவன் ஐயோ அப்பான்னு கத்துனான்னு வையி, தூக்கப்பட்டவன் பயத்துலயே போயிடுவான். மூச்சு வாங்கு, கத்தாத!"

அறிவரசன் தூக்கிப் பழகியதெல்லாம் செல்லமுத்து என்கிற சக வீரனைத்தான். செல்லமுத்து இவனுக்கும் இளைத்தவன். முருங்கைக்காயை அகத்திக்குச்சி தூக்கியது போல இருக்கும்.

இது இப்படி இருக்க, குரும்பலூரில் வாக்கப்பட்டிருந்த தனம், ரெங்கம்மாளுக்கு ஒன்றுவிட்ட தங்கை, ஒரு பெண்ணைச் சொன்னாள். பெண் பெயர் வெற்றிச்செல்வி. சின்ன வெங்காய வியாபாரம் செய்கிற கொளஞ்சியம்மாளின் ஒரே மகள். அறிவரசன் தனம் வீட்டுக்குப் போகிற சாக்கில் அவளை ஒருதரம் பார்த்தான். அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியிருந்தாலும் உடம்பில் தெரிந்திருக்கப் போவதில்லை.

இரண்டு குடும்பத்துக்கும் இதற்கு முன் கொள்வினை கொடுப்பினை கிடையாது. பங்காளியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் முதன்முதலாக வாயிலிருந்து எந்தச் சொல் வருகிறதோ அதுதான் முறை என்று நின்றுவிடும். அத்தை என்றால் மகள் கட்டிக்கொள்கிற முறை. அம்மா என்றால் மகள் தங்கச்சி, போச்சு. அதனால் தனம் அவனை உஷார்ப்படுத்தியிருந்தாள்: "பேச்சு முடியுற வரைக்கும் அந்தம்மாவ ஒண்ணுஞ் சொல்லிக் கூப்புடாத. வாங்க போங்கன்னு சொல்லிட்டு வந்துரு."

கொளஞ்சியம்மாளின் கொழுந்தன் பழனிவேல் வேறு குறுக்கே நின்றான். தன் பெண்டாட்டியின் தம்பிக்கு வெற்றிச்செல்வியை முடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு நினைப்பு. "காத்துல பறக்குறவனுக்குப் பொண்ணா?" என்று போகிற வருகிற இடமெல்லாம் சொல்லி வைத்தான்.

தொண்ணூற்றொன்பதாம் வருசம் சித்திரையில் தீத்தொண்டு வாரம் வந்தது. குரும்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியிலிருந்து ஆளை இறக்கிக் காட்டும் ஒத்திகை. ஊரே கூடிவிட்டது. ரெங்கம்மாளும் மகன் வித்தையைப் பார்க்க பஸ் ஏறி வந்து தனத்தோடு நின்றாள். அந்தப் பக்கம் கொளஞ்சியம்மாள், மகள், பழனிவேல். சிவப்பு வண்டியைக் கழுவித் துடைத்து மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். விசில் ஊதுகிற நேரத்தில்தான் செல்லமுத்து ஏணியை இறக்கும்போது கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டான். அவனைத்தான் அறிவரசன் தூக்கி இறக்குவதாக இருந்தது.

"சார், மூட்டையத் தூக்கி எறக்கிக் காட்டிரட்டுமா?" என்றான் அறிவரசன்.

"மூட்டையத் தூக்க எங்கூர்ல ஆளு இல்லியா?" என்றபடி கொளஞ்சியம்மாள் தன் பெருத்த உடம்பால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "என்னயத் தூக்கி எறக்கட்டும், பாப்பம். எறக்கிட்டான்னா எம்பொண்ணத் தரேன். இல்லன்னா அவன் வழியப் பாத்துப் போவட்டும்."

கூட்டத்தில் விசில் பறந்தது. "அந்தக் காலத்துல பொண்ணு கட்ட எளவட்டக்கல்லத் தூக்குனாங்க, இந்தக் காலத்துல மாமியாரா!" என்று ஒருவன் கத்தினான்.

இராமலிங்கம் சார் பதறினார். "அம்மா, பொதுமக்கள ஏத்தக் கூடாதும்மா. அதுலயும் பொம்பளைங்க..."

"தீக்கு ஆம்பள பொம்பள தெரியுமா சார்? நெருப்புப் புடிச்சா ஒல்லியானவளாப் பாத்துப் பொறுக்கித்தான் காப்பாத்துவீங்களா?"

ஊர் முழுக்கக் கேட்டுவிட்ட கேள்வி. சார் தொப்பியைக் கழற்றி மாட்டினார். கொளஞ்சியம்மாள் இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டச் சொல்லி, கயிற்றின் மறுநுனியை மாடியில் நான்கு பேரைப் பிடிக்க வைத்து, விசிலை வாயில் வைத்தார். கொளஞ்சியம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவள் போல மாடிப்படி ஏறினாள்.

"எம்மா, வேணாம்மா! அந்தாளு ஒடிஞ்சிருவாரும்மா!" என்று வெற்றிச்செல்வி கீழேயிருந்து கத்தினாள்.

அந்தச் சத்தம் அறிவரசனின் காதில் தேனாக விழுந்தது. இடுப்பை வளைத்தான், கொடுத்தான் தோளை. வெங்காய மண்டியே தோளில் வந்து உட்கார்ந்தது. கண்ணுக்குள் மின்மினி பறந்தது. இருந்தும் எழுந்து நின்றான்! கீழே கைதட்டல். ஏணியின் முதல் படியில் காலை வைத்தான்.

"வாய் என்னய்யா ஆச்சு? பேசுய்யா!" என்று சார் கத்தினார்.

தனம் சொன்னதெல்லாம் அந்தக் கனத்தில் நசுங்கிப் போயிற்று. பழகிய பாடம்தான் வாயில் வந்தது. அதிலும் முதல் சொல் மட்டும்தான் வந்தது. மீதிக்கு மூச்சு இல்லை.

"அம்மா!"

"என்ன சாமீ!" என்று கூட்டத்திலிருந்து ரெங்கம்மாள் அலறினாள்.

பழனிவேல் துண்டை உதறிக்கொண்டு குதித்தான். "கேட்டீங்களா, கேட்டீங்களா! அம்மான்னுட்டான்! அப்ப வெற்றிச்செல்வி அவனுக்குத் தங்கச்சி. முறை முடிஞ்சு போச்சு, எறக்கி வுட்டுட்டுப் போவச் சொல்லுங்க!"

"எம்மவன் என்னயத்தான் கூப்புட்டான்!" என்றாள் ரெங்கம்மாள்.

"ஒன்ன எதுக்கு அங்கேருந்து கூப்புடுறான்? தோள்ல இருக்கறவங்களத்தான் கூப்புட்டான்!"

"கனம் தாங்காதவன் பெத்தவளக் கூப்புடாம ஒன்னயா கூப்புடுவான்?"

பாதி ஊர் அந்தப் பக்கம், பாதி ஊர் இந்தப் பக்கம். ஏணியின் நடுவில் தலைகீழாகத் தொங்கிய கொளஞ்சியம்மாள், "அடேய், பஞ்சாயத்தக் கீழ வந்து பேசுங்கடா! எனக்கு ரத்தம் பூரா மண்டைக்கு வருது!" என்று முதுகுப் பக்கமிருந்து சத்தம் போட்டாள்.

அறிவரசன் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. தரையில் அவளை நிறுத்திவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டான். இராமலிங்கம் சார் எதிரில் வந்து நின்றார்.

"அறிவரசா, உள்ளதச் சொல்லு. இந்தம்மாவக் கூப்புட்டியா, இல்ல கனம் தாங்காமக் கத்துனியா?"

கூப்பிட்டேன் என்றால் சாரின் சட்டப்படி செய்த வீரன். ஆனால் வெற்றிச்செல்வி தங்கச்சி. கத்தினேன் என்றால் வீரன் இல்லை. அதோடு பெண்ணைப் பெற்றவளை ஊரறியக் கனம் என்றதாகும். அவன் கூட்டத்தைப் பார்த்தான். வெற்றிச்செல்வி முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"கத்துனேன் சார். கனம் தாங்கல."

கொளஞ்சியம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "கனமா? நானா?"

"ஆமாங்க அத்தை."

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? வந்துவிட்டது. "அத்தைன்னுட்டான்டோய்!" என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி சத்தம். ரெங்கம்மாள் தனத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பழனிவேல் துண்டைத் தோளில் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு டீக்கடைப் பக்கம் நடையைக் கட்டினான்.

கொளஞ்சியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எம்மவளும் நாளைக்கி என்ன மாதிரிதான் ஆவா. இப்பவே சொல்லிட்டேன்."

"தூக்கிப் பழகிக்கிறேன் அத்தை."

"நாளைலேருந்து ஒரு மாசத்துக்கு ஒனக்குப் பெரிய மணல் மூட்டைதான்யா!" என்ற இராமலிங்கம் சார் சிரிப்பை மறைக்கத் திரும்பி நின்று விசில் ஊதினார். "அடுத்தது கயித்துல ஏறிக் காட்டுறது. அறிவரசா, போ!"

"மாப்ள வரமாட்டாரு," என்றாள் கொளஞ்சியம்மாள்.

"அம்மா, இது கவர்மெண்ட் டூட்டி."

"டூட்டி எங்க ஓடிப்போவுது? மாப்ளைக்குக் காலு ரெண்டும் நடுங்குறது தெரியல? வூட்ல கறி வெந்துகிட்டு இருக்கு. சாப்புட்டுட்டு வந்து ஏறுவாரு. நீங்களும் வாங்க சார், வண்டியையும் எடுத்துக்கிட்டு வாங்க."