ஆட்டு ரோமம் போட்ட தோட்டம்

ஆட்டைக் கண்டால் அழியும்; ஆட்டு ரோமத்தைக் கண்டால் செழிக்கும். அது என்ன? யோசித்துக்கொண்டே படியுங்கள். ஊரார் சேர்ந்து போடும் தோட்டத்தில் செடிகளைச் சமாளிப்பது சுலபம், மனிதர்களைத்தான் சமாளிக்க முடியாது. அப்படியொரு தோட்டத்துக்குத் தண்ணீர் சுமந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆம்பூரில் நான் பள்ளி வாத்தியாராக இருந்தபோது, தோல் பதனிடும் ஆட்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் தோல் முதலாளி கரீம் சாயபுவின் நிலம் சும்மா கிடந்தது. மழைக்காலம் முடியும்வரை எங்களைப் பயிரிட்டுக்கொள்ளச் சொன்னார். அதன்பின் அது அவருக்குத் தோல் உலர்த்தும் களமாக வேண்டும். லைன் வீட்டுக் குழந்தைகள் பச்சைக் காய்கறி பார்ப்பதே அபூர்வம். நிலம் போனால் அதுவும் இல்லை.

ஊற வைத்த விதை

முதலில் வந்தவர் முனுசாமி. சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போட்டு ரோமம் நீக்குவது அவர் வேலை. பாகல் விதையைக் கொடுத்து, ஒரு நாள் ஊற வைத்து நடச் சொன்னேன். இரண்டு வாரமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. எதில் ஊற வைத்தீர் என்று கேட்டேன்.

“சுண்ணாம்புத் தண்ணியிலதாங்க. ஊற வைன்னு சொன்னா எங்களுக்கு வேற இன்னா தெரியும்?”

ஏழு தரம்

விதையைக் கெடுத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. குழியில் வழித்தெடுத்த ஆட்டு ரோமம் நல்ல எரு என்று யாரோ சொல்ல, சுண்ணாம்பு துளியும் இருக்கக்கூடாதென்று வேலை முடிந்து தினமும் பாலாற்றுக்குக் கொண்டுபோய் அலசினார். அதன்பின்தான் கூடை கூடையாகப் பாத்தியில் புதைத்தார். மண் ஈரம் காத்தது. கத்தரியும் வெண்டையும் நான் அதுவரை பார்த்திராத செழிப்பில் நின்றன. ஆடு புகாமல் வேலியும் அவரே கட்டினார். விடுகதைக்கு விடை இப்போது தெரிந்திருக்கும். எனக்கு அவரை வணங்கத் தோன்றியது. அவர் மனைவி குப்பம்மாளுக்கு அப்படித் தோன்றவில்லை.

“தன் தலைக்கு வாரத்துல ஒரு சொம்பு ஊத்திக்க மாட்டாரு. ஆட்டு முடிய மட்டும் ஏழு தரம் அலசுறாரு.”

சங்கிலி வந்த நாள்

மழை நின்றது. சாயபு நிலம் அளக்கச் சங்கிலியோடு ஆள் கூட்டி வந்துவிட்டார். கூடவே ஆறு வயதுப் பேத்தி சபுரா. முனுசாமி வேலியோரம் நின்றார். சாயபு பாத்தி பாத்தியாக நடந்தார், ஒரு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தோல் ஜாஸ்தியாக வருகிறது, இடம் கம்மி என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு பேத்தியைப் பார்த்தார்.

“புள்ள எதக் கேக்குதோ அத ஒண்ணு பறிச்சுக் குடுங்க வாத்தியாரே. அது கைக்கு வந்தப்புறம் சங்கிலி போடட்டும்.”

சபுரா கத்தரி, வெண்டை எல்லாவற்றையும் தாண்டிப் போய், எலுமிச்சையளவு இருந்த பூசணிப் பிஞ்சைத் தொட்டு, பெரிதானதும் இதுதான் வேண்டும் என்றாள். அது முற்ற இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.