சும்மா என்று எழுதக் கூடாது

கண்ணுங்களா, என் கையில் இருக்கும் பல் தழும்பைக் காட்டிச் சின்னவன் அக்காவைக் கேலி செய்கிறான். அந்தக் கதையை நானே எழுதி வைத்துவிடுகிறேன். உங்கம்மா சொன்னால் அதில் நான் இன்னும் மோசமாக வருவேன்.

பெரியவளுக்கு அப்போது நாலு வயது. பேச்சு வரவில்லை, கடி மட்டும் வந்தது. காலடிப்பேட்டை நர்சரிப் பள்ளியில் சேர்த்த இரண்டாம் வாரமே டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று பிள்ளைகளைக் கடித்துவிட்டாளாம். பொங்கல் லீவு முடிவதற்குள் சரி செய்து கூட்டி வாருங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்றார். வேறு இடம் ஏற்கெனவே இரண்டு பார்த்தாயிற்று. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகம் அழியும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் கவலை பொங்கல் லீவைப் பற்றியது.

பக்கத்து வீட்டில் திருஷ்டி கழிக்கச் சொன்னார்கள். என் ஷிப்டு தோஸ்து ஒருவன், நீயும் திருப்பிக் கடி, வலி தெரியும் என்றான். அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

கடைசியில் கல்மண்டபத்தில் ஒரு மாடியில், பிள்ளைகளுக்கு நடத்தைப் பயிற்சி கொடுக்கும் மேடம் ஒருவரிடம் போனோம். பயிற்சி எனக்குத்தான் என்று தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். மேடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு தடவை கடிக்கும்போதும் அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று எழுதி வரச் சொன்னார். எனக்கு ஏக சந்தோஷம். நான் எர்ணாவூர்க் கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர், மணிக்கொரு தடவை மீட்டர் பார்த்து லாக் புக் எழுதுகிறவன். பத்தாவது ஃபெயில் என்றாலும் என் கையெழுத்தை மேனேஜரே பாராட்டியிருக்கிறார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு வாரம் எழுதினேன்.

மாலை 4.20. முன்: சும்மா இருந்தாள். பின்: அழுதாள். இப்படியே இரண்டு பக்கம்.

மேடம் பொறுமையாகப் படித்தார். "சார், உங்க பாய்லர் வெடிச்சா, அதுக்கு முன்னாடி சும்மா இருந்துச்சுன்னு எழுதுவீங்களா?"

உங்கம்மா அங்கேயே சிரித்துவிட்டாள். சும்மா என்ற சொல்லை எழுதக் கூடாது என்று மேடம் தடை போட்டார். அதை எடுத்துவிட்டால் எனக்கு எழுத ஒன்றுமே இல்லை. அடுத்த வாரம் நோட்டு உங்கம்மா கைக்குப் போனது. ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அவள் எழுதியது இது: "இவுரு வந்தாரு. அப்பா சொல்லு அப்பா சொல்லுன்னாரு. ஆறு வாட்டி. கட்ச்சா. வுட்டுட்டாரு." மறுநாளும் அதேதான், எட்டு வாட்டி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாமா வந்து, மாமா சொல்லு என்று கேட்டுக் கடி வாங்கிப் போனதும் இருந்தது.

பேச வைக்கத்தானே கேட்கிறேன் என்றேன் மேடத்திடம். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

"அவ பேசிட்டுத்தான் இருக்கா சார். போதும்னு சொல்ல அவகிட்ட இருக்கிற வார்த்தை அதான்."

கடித்தால் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், பலன் தருவதை யார் கைவிடுவார்கள் என்றார். கடிக்குப் பதிலாக, உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான் கேட்பேன், உங்கம்மா பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து நீட்டுவாள், நான் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பாதிச் சொல்லாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். இரண்டு வாரம் நான் இந்த வீட்டில் "அப்" மட்டுமே சொன்னேன்.

மூன்றாம் வாரம் அவளாகவே கையை நீட்டினாள். என்னை நிறுத்தச் சொல்லும் தைரியம் அதுவரை இந்த வீட்டில் ஒருவருக்கும் வந்ததில்லை. உங்கம்மாவும் பழகிக்கொண்டாள். "இன்னாய்யா, புள்ள கை காட்னா நிக்கிற, நான் காட்னா நிக்க மாட்டியா?"

பொங்கல் முடிந்து பள்ளிக்குக் கூட்டிப் போனேன். கை நீட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டேன். முப்பது பிள்ளைகளும் கை நீட்டினால் பாடம் எப்போது நடத்துவது என்றார். நியாயம்தான். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெயர் கேட்டார். மறுபடி கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று டீச்சரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை கேட்டபோது பெரியவளின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. கை நீண்டது.

டீச்சர் நிறுத்தினார். "டீச்சரையே ஆஃப் பண்ணுது பாருங்க. சரி, வுட்டுட்டுப் போங்க."

அதற்குப் பிறகு கடிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை கடித்தாள். அப்பா என்று சொன்னது ஒன்றரை வருடம் கழித்து, நான் ஷிப்டில் இருந்தபோது.

பொங்கல் முடிந்து கொண்டுபோய் விட்ட அன்று, வகுப்புக் கதவைச் சாத்திவிட்டார்கள். வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் குவிந்து கிடந்தன. பெரியவளுடையது படிக்குக் கீழே தனியாகக் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. குனிந்து அதை எடுத்து, மற்றச் செருப்புகளுக்கு நடுவில் இடம் பண்ணி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.