தைத்து மூடிய சட்டைகள்

பேருந்து நிலைய அறிவிப்பாளரான அவருக்கு இரண்டு பெயர். ஒலிபெருக்கியில் கேட்டவர்களுக்கு அவர் 'வெண்கலம்'. அறிவிப்பு அறைக்குள் வந்துபோனவர்களுக்கு 'டமார்'. டம்ளரோ சாவிக்கொத்தோ, அவர் கைக்குப் போனால் அடுத்து அந்தச் சத்தம்தான் கேட்கும்.

"யோவ் டமார், மைக்க கீழ போட்டுடாத. பஸ்ஸெல்லாம் திக்குத் தெரியாம நிக்கும்" என்பார் நேரக்காப்பாளர்.

"அதான் மேசையோட சேர்த்து முடுக்கி வச்சிருக்கீங்களே, சாமி."

மற்றவர்கள் சிரிக்குமுன் முந்திக்கொண்டு சிரிப்பார். வீட்டில் அந்தச் சிரிப்பு இருக்காது.

"எனக்கு மட்டும் ஏன்டி கைய மாத்தி மாட்டி அனுப்பிட்டான்? உலகத்துல இன்னொருத்தன காட்டு பாப்போம்" என்று மனைவியிடம் கேட்பார். அவளிடம் ஊசிதான் இருந்தது.

சட்டைக்குப் பொத்தான் போடுவது அவருக்கு மலையைப் புரட்டுகிற வேலை. கல்யாணமான புதிதில் ஒரு காலை, பொத்தானோடு மல்லுக்கட்டி, வேலைக்கு நேரமாகி, கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அன்று மாலை மனைவி ஓர் அளவு பெரிய சட்டையை எடுத்தாள். கழுத்துக்குக் கீழே முன்பக்கம் இரண்டையும் சேர்த்துத் தைத்தாள். பொத்தான்களை மேலே அழகுக்கு வைத்தாள். தலைவழியாக மாட்டிக்கொண்டால் போதும். பார்க்கிறவனுக்கு ஊரார் போடுகிற சட்டைதான். அதன்பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சட்டையும் ஊசியைப் பார்த்துவிட்டுத்தான் அலமாரிக்குப் போனது. மகளுக்குக்கூடத் தெரியாது.

மகள் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க தாத்தா. பேத்திய வாங்கிக்கங்க" என்றாள் தாதி.

"வேணாம்மா. இது கீழ விழுந்தா ஒட்டவைக்க முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி நடக்கிற வரைக்கும் அவர் அவளைத் தொட்டதெல்லாம் பாயில் படுத்திருக்கும்போதுதான்.

போன மழைக்காலத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனையில் ஒரு தாதி பொத்தானைக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை. "என்னம்மா, தைச்சு வச்சிருக்கு?" என்று கத்தரிக்கோலை எடுத்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். சட்டையை வெட்டுவதில் போன நேரத்தால் எதுவும் மாறவில்லை என்று மருத்துவர் பிறகு தெளிவாகச் சொன்னார். அப்பா வீடு திரும்பவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பேத்தியின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். எழுத்து கோணல், பந்து பிடிக்க வரவில்லை, சீருடைப் பொத்தான் போடத் தெரியவில்லை. மகள் ஒரு குழந்தை மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அவர் பல விளையாட்டுகள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடுன்னு பேரு. மூளை சொல்றபடி கை கால் சேர்ந்து அசையாது. புத்திக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சோம்பேறித்தனமும் இல்ல. நூத்துல அஞ்சாறு குழந்தைங்களுக்கு இருக்கு. வகுப்புக்கு ஒண்ணு ரெண்டு பேர்னு வச்சுக்கங்க. உங்க வீட்டுல வேற யாருக்காவது?"

மகளுக்கு அப்பாவின் தைத்த சட்டை கண்முன் வந்தது. அவள் தொழிலில் நூற்றுக்கு ஐந்து என்பது அபூர்வம் அல்ல. அப்பா நாள்தோறும் குரல் கொடுத்து வண்டியேற்றிய கூட்டத்தில் அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அறிவிப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு. இதைக் கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான். அவர்தான் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பேத்தியின் சீருடையை மடியில் போட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா. பயிற்சி இருக்காம், மெல்ல கத்துப்பா. வராத வரைக்கும் பொத்தானுக்குப் பதிலா ஒட்டுற பட்டை வச்சுக்கலாம், மறைக்க வேண்டியதில்ல." பிறகு மருத்துவர் சொன்னதைச் சொன்னாள்.

"நூத்துல அஞ்சாறா?"

"ஆமாம்மா."

"உங்கப்பா படிச்ச வகுப்புலயும் இன்னொருத்தர் இருந்திருப்பாரா?"

"இருந்திருக்கலாம்."

அம்மா ஊசியைக் குத்திவைத்தாள். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து அவர் சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். சின்னக் கத்தரியால் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"இப்ப எதுக்கும்மா?"

"இன்னொருத்தன காட்டுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாருடி." அவள் நிமிரவில்லை. "வாயடச்சு தச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

நூல் பிரியப் பிரிய ஒவ்வொரு சட்டையாக முன்பக்கம் திறந்துகொண்டது. பேத்தி அருகில் உட்கார்ந்து, உதிர்ந்த பொத்தான்களைப் பொறுக்கினாள். அவை அவள் விரலிலிருந்து நழுவி நழுவி விழுந்தன. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.